உப்புக்காற்றில் நாலு வருஷம் ஓடிய ப்ரொஜெக்டர்

போன வாரம்தான் ப்ரொஜெக்டரை மதுரையில் ரிப்பேர் பார்த்து வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். இது மூணாவது தடவை. ராமநாதபுரம் தாண்டும்போது கீழக்கரை காக்கா (அண்ணனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) போன் பண்ணினார். நான் 62 ஆயிரத்துக்கு வாங்கிய அதே மாடல் இப்போது 44 ஆயிரத்துக்கு இறங்கிவிட்டதாம். “தம்பி, வாங்கிடவா? நீதான நாலு வருஷமா வச்சிருக்க, சொல்லு” என்றார். பஸ் இரைச்சலில் ஒன்றும் விளக்க முடியவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வெளிச்சம் எத்தனை லூமென்ஸ், எத்தனை பிக்சல் என்பதெல்லாம் காக்காவுக்கு மனப்பாடம். அதை விட்டுவிடுகிறேன். கடையில் யாரும் சொல்லாத விஷயம் உப்பு.

எங்கள் வீடு மண்டபம் வடக்குக் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. வாடை அடித்தாலும் கச்சான் அடித்தாலும் உப்பு வீட்டுக்குள் வந்தே தீரும். ஜன்னல் கம்பியையும் சைக்கிள் செயினையும் அது தின்பது எங்களுக்குப் பழகிப்போனது. ப்ரொஜெக்டர் கதை வேறு. லாம்ப் சூட்டைத் தணிக்க உள்ளே இருக்கும் பேன் ஓயாமல் வெளிக்காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் இரண்டரை மணி நேரமும் அந்தப் பெட்டி கடல்காற்றைக் குடிக்கிறது. படம் முடிந்து மெஷின் ஆறிய பிறகுதான் வினையே ஆரம்பிக்கிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீர் கோத்துக்கொள்ளும். இங்கே ராத்திரியில் அது தாண்டாத நாள் குறைவு. நாம் தூங்கும்போது உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு மேலே உப்புத்தண்ணீர் படலமாக உட்கார்ந்திருக்கும்.

வாங்கிய பதினாலாவது மாதம் பேன் இறுகி நின்றது. அடுத்த இரண்டு தடவையும் லாம்புக்குக் கரண்ட் கொடுக்கும் போர்டு. இந்த முறை மெக்கானிக் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து லென்ஸைக் கண்ணில் கொடுத்துக் காட்டினார். கனெக்டரில் ஆறு கால். அதில் இரண்டு கால் முழுக்கப் பச்சை. செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்காமல் விட்டால் ஏறுமே, அதே களிம்பு. பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தார். ஒரு கால் சுத்தமாக வந்தது. இன்னொன்று இடுக்கியோடு பிய்ந்து கையோடு வந்துவிட்டது. வெல்லத்தில் கட்டெறும்பு அரித்த மாதிரி உள்ளே பொக்கையாக இருந்தது.

மூன்று ரிப்பேருக்கும் சேர்த்து 18,500 ரூபாய் ஆகிவிட்டது. காக்கா, விலை இறங்கியிருப்பதே 18 ஆயிரம்தான்.

முதல் ரிப்பேர் வாரண்டி காலத்திலேயே வந்தது. கம்பெனி ஆள் போட்டோ அனுப்பச் சொன்னார், பார்த்தார், “கடலோரமா சார்? அப்ப கவர் ஆகாது” என்றார். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. விற்கும்போது மண்டபம் பின்கோடு போட்டுத்தானே பெட்டியை அனுப்பினார்கள்? கடலோரத்தில் வீடு இருப்பது நாங்கள் செய்த தவறா? போர்டுக்கு மேலே வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு அடித்தால் களிம்பு ஏறுவது பெரிதும் குறையும் என்று மதுரை மெக்கானிக் சொல்கிறார். அவர் அடித்தும் கொடுத்துவிட்டார், கூலி 400 ரூபாய். அதைத் தொழிற்சாலையிலேயே செய்ய இவர்களுக்கு என்ன கேடு?

சரி, அவ்வளவு கோபம் இருந்தும் ஏன் திரும்பத் திரும்பத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன் என்று காக்கா கேட்பார். பழைய கருப்பு வெள்ளைப் படங்களுக்காகத்தான்.

வாங்கியது புதுப்படம் பார்க்க. முதல் வாரத்தில் ஒரு ராத்திரி சும்மா ‘அந்த நாள்’ போட்டேன். 1954-ல் எஸ். பாலசந்தர் எடுத்த படம், பாட்டே கிடையாது. டிவியில் ரெண்டு தடவை பார்த்திருக்கிறேன். டிவியில் அது கதை. யார் சுட்டது, யார் பொய் சொல்கிறார்கள் என்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். சுவரில் நாலடி உயரத்துக்கு முகம் விழுந்தபோதுதான் அந்த வெளிச்சத்தையே பார்த்தேன். பாதி முகம் இருட்டில் இருக்கும், மறு பாதியில் கன்னத்து எலும்பு மட்டும் மினுங்கும். இருட்டுப் பக்கத்துக் கண் அசைவது மெல்லத் தெரியும். படம் எடுத்தவர்கள் பெரிய திரையை நினைத்து வைத்த விளக்குகள் அவை. இத்தனை வருஷம் 43 அங்குலத்தில் அதையெல்லாம் தவறவிட்டிருக்கிறேன் என்று வயிறு எரிந்தது.

படத்தின் வடிவத்தையும் சொல்ல வேண்டும். 1973-ல் ‘ராஜராஜ சோழன்’ வரும் வரை தமிழில் சினிமாஸ்கோப் என்ற மிக அகலமான படம் கிடையாது. அதற்கு முந்தைய படங்கள் பெரும்பாலும் நாலுக்கு மூணு அளவை ஒட்டிய, கிட்டத்தட்ட சதுரமான சட்டம். இன்றைக்கு அவற்றை அகலத்திரைக்கு இழுத்துப் போடுகிறார்கள். கதாநாயகிக்குக் கன்னம் வீங்கிவிடுகிறது. இல்லையென்றால் மேலும் கீழும் வெட்டி, ஆடுகிறவர்களின் பாதத்தையே காணாமல் அடிக்கிறார்கள். பாதம் இல்லாமல் என்ன நடனம்? வெட்டியதை எந்த மெஷினும் திருப்பித் தராது. இழுத்ததை மட்டும் இந்த ரிமோட்டில் ஒரு பட்டனில் சரியாக்கலாம். என் சுவரில் படம் 87 அங்குல அகலம், 49 உயரம். பழைய படத்துக்கு 65 அங்குலம் போதும். இரண்டு பக்கமும் மிச்சமாகும் இடத்தில் சாம்பல் வெளிச்சம் கசியும். அதற்கு ராமநாதபுரத்தில் கருப்பு வெல்வெட் எடுத்துக் கர்ட்டன் கம்பியில் மாட்டியிருக்கிறேன். இழுத்து மூடினால் படம் சட்டம் போட்ட மாதிரி நிற்கும். ஸ்கோப் படத்துக்கு உயரம் 37 ஆகிவிடும், மேலும் கீழும் சாம்பல்தான். அதை மறைக்க இன்னும் வழி பண்ணவில்லை. புதுப்படங்கள் நன்றாகவே இருக்கின்றன. அவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு குறையை மறைக்கக் கூடாது. இந்த வகை மெஷினில் ஒரு வண்ணச் சக்கரம் சுற்றி சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிறத்தைப் போடும். வேகத்தில் நம் கண் அதைக் கலந்துகொள்கிறது. இருட்டில் வெள்ளைச் சட்டை நிற்கும்போது சட்டென்று கண்ணைத் திருப்பினால் ஓரத்தில் வானவில் மாதிரி ஒரு வெட்டு வெட்டும். கருப்பு வெள்ளையில்தான் அது பளிச்சென்று தெரியும். எனக்குத் தெரிகிறது, அப்பத்தாவுக்குத் தெரியவில்லை. வாங்குவதற்கு முன் அவரவர் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் 61 நாள் கடலுக்குப் போகாது. அப்போது எங்கள் வீடு நிறைந்துவிடும். அப்பத்தா டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தவர். “மணல்தாண்டா இல்ல, மத்ததெல்லாம் அதேதான்” என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டிக்கொள்வார். போன வருஷம் படம் பாதியில் கரண்ட் போனது. லாம்ப் கொதித்துக்கொண்டிருக்கும்போது பேன் நின்றுவிட்டால் லாம்புக்கு ஆபத்து. நான் பதறினேன். அப்பத்தா எழுந்து வந்து பனையோலை விசிறியால் மெஷினுக்கு வீசத் தொடங்கிவிட்டார். ‘போதும் அப்பத்தா’ என்றாலும் விடவில்லை. கால் மணி நேரம் வீசினார். மறுநாளே இன்வெர்ட்டர் வாங்கிவிட்டேன்.

இப்போது படம் முடிந்து பேன் தானாக நின்றதும் மெஷினைப் பெரிய அரிசி டப்பாவில் வைத்து இறுக்கி மூடுகிறேன். கூடவே அரைக்கிலோ சிலிக்கா ஜெல். நீலம் ரோஸ் ஆனால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். அதற்கென்றே வைத்திருக்கும் ஒரு பழைய சட்டியில் சூடாக்கினால் திரும்ப நீலமாகும். வாரம் இரண்டு தடவையாவது ஓட்ட வேண்டும். சூட்டில் உள்ளே இருக்கும் ஈரம் போகும். சும்மா கிடந்தால் சீக்கிரம் செத்துவிடும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார்.

அதனால் என் பதில்: வாங்காதீர்கள் காக்கா. உங்கள் வீடு என் வீட்டைவிடக் கடலுக்குப் பக்கம். வருஷத்தில் பாதி நாள் நீங்கள் துபாயில் இருப்பீர்கள். சிலிக்கா ஜெல் வறுக்கவும் வாரம் இரண்டு தடவை ஓட்டவும் வீட்டில் யார் இருக்கிறார்கள்? 44 ஆயிரத்துக்கு நல்ல டிவி வரும், அதை வாங்குங்கள். பழைய படத்தை இழுக்காமல் காட்டுகிறதா என்று மட்டும் கடையிலேயே போட்டுப் பாருங்கள். பஸ்ஸில் மடியில் வைத்து வந்த வலி இன்னும் முழங்காலில் இருக்கிறது. அடுத்த மாதம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ. என்னுடையதை யாராவது விலைக்குக் கேட்டால் கொடுக்கமாட்டேன், அது வேறு.

இந்த வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ‘அந்த நாள்’ போடுகிறேன். வீட்டில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எட்டுக்குள் வந்துவிடுங்கள் காக்கா, துப்பாக்கிச் சத்தம் படத்தின் ஆரம்பத்திலேயே வந்துவிடும்.