சீஸ்கேக் பார்: ஓவனா, ஃப்ரிட்ஜா? முதலில் பழத்தை முடிவு செய்யுங்கள்

பழம் போட்ட சீஸ்கேக் பார், அதாவது பிஸ்கட் தளத்தின் மேல் கிரீம் சீஸ் கலவையை இறுகவைத்துத் துண்டு போடுகிற இனிப்பு, செய்யலாம் என்று இறங்கியதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, ஓவனில் வேகவைப்பதா, ஃப்ரிட்ஜில் வைத்து இறுக விடுவதா என்பதுதான். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. மேலே என்ன பழம், அதை அப்படியே நறுக்கி வைக்கப் போகிறோமா, சர்க்கரை போட்டுக் காய்ச்சி ஊற்றப் போகிறோமா என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், மற்ற கேள்விகளில் பாதிக்குப் பதில் தானாகவே வந்துவிடும். இதில் சொதப்புவது அநேகமாகச் சீஸ் இல்லை, பழத்திலிருந்து கசியும் தண்ணீர்தான்.

சரி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 20 சென்டிமீட்டர் சதுர ட்ரே என்று வைத்துக்கொள்வோம், 16 துண்டு வரும்.

ஓவன் முறைக்கு 450 கிராம் கிரீம் சீஸ், 120 கிராம் சர்க்கரை, 2 முட்டை, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் வெனிலா, ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார் போதும். 160 டிகிரி செல்சியஸில் 30 முதல் 35 நிமிடம். இதை இறுக்கிப் பிடிப்பது முட்டை. ஓரம் இறுகி, ட்ரேயை லேசாக ஆட்டினால் நடு மட்டும் தளதளவென்று அசையும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 65 டிகிரி காட்டும் நேரம் அது. நடுவும் அசையாமல் நிற்கட்டும் என்று காத்திருந்தால், ஆறும்போது மேலே வெடிப்பு விழும், சாப்பிடும்போது மணல் மணலாக இருக்கும். வட்டமான பெரிய சீஸ்கேக்குக்குச் சொல்கிற வெந்நீர்த் தட்டு வேலை இதற்கு வேண்டாம். பார் கனம் குறைந்தது, நடுவும் ஓரமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வேகும். போதாக்குறைக்கு மேலே பழம் வேறு வரப்போகிறது, ஒன்றிரண்டு வெடிப்பு இருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது?

ஃப்ரிட்ஜ் முறையில் முட்டை கிடையாது. அதே 450 கிராம் கிரீம் சீஸோடு 100 கிராம் பொடித்த சர்க்கரை சேர்த்து அடித்து, 200 மில்லி விப்பிங் கிரீமைத் தனியாக நுரைத்து, பிறகு இரண்டையும் மெதுவாகக் கலக்க வேண்டும். கொழுப்பு குளிரில் கெட்டிப்படுவதும், கிரீமில் அடைபட்ட காற்றும்தான் இதற்குப் பலம். வாயில் வைத்தால் மூஸ் மாதிரி கரையும், சீஸின் புளிப்பும் சமைக்காத சுவையில் அப்படியே நிற்கும். சுவையில் நான் இதற்குத்தான் ஒரு மதிப்பெண் கூடப் போடுவேன். ஆனால் நாம் செய்வது பார், கையில் எடுத்துச் சாப்பிடுகிற துண்டு. ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் ஆனாலே ஓரங்கள் தளர ஆரம்பிக்கும், மேலே கனமான பழம் இருந்தால் இன்னும் சீக்கிரம் சரியும். டப்பாவில் அடுக்கி எங்காவது எடுத்துப் போக வேண்டுமென்றால் ஓவன்தான், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வீட்டிலேயே தட்டில் வைத்து, முள்கரண்டியோடு கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஃப்ரிட்ஜ் முறை தாராளமாகச் செய்யலாம்.

தளர்ச்சியைச் சமாளிக்க, கலவையை இறுகவைக்கும் ஜெலட்டின் இருக்கிறதே என்பீர்கள். 7 கிராம் ஜெலட்டினை 3 மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீரில் 5 நிமிடம் ஊறவிட்டு, கொதிக்கவிடாமல் லேசாகச் சூடாக்கிக் கரைத்துச் சேர்த்தால் மேலே சொன்ன அளவுக்குத் துண்டு சுத்தமாக நிற்கும். கரைத்ததை நேராகக் குளிர்ந்த சீஸில் ஊற்றினால் நூல் நூலாகத் திரிந்துபோகும்; முதலில் இரண்டு கரண்டி சீஸ் கலவையை ஜெலட்டினில் போட்டுக் கலக்கி, அதை மொத்தத்தோடு சேர்க்க வேண்டும்.

இங்கேதான் பழம் குறுக்கே வருகிறது. அன்னாசி, கிவி, பப்பாளி, அத்தி இவற்றைச் சமைக்காமல் ஜெலட்டினோடு சேர்த்தால் கலவை இறுகவே இறுகாது. ஜெலட்டின் ஒரு புரதம், இந்தப் பழங்களில் புரதத்தை அறுக்கிற நொதிகள் இருக்கின்றன: அன்னாசியில் புரோமெலைன், பப்பாளியில் பப்பைன், கிவியில் ஆக்டினிடின், அத்தியில் ஃபிசின். இறுகிய பாருக்கு மேலே கிவி வட்டங்களை அழகாக அடுக்கி இரவு முழுக்க வைத்தாலும், பழம் பட்ட இடமெல்லாம் காலையில் கூழாகிக் கிடக்கும். பால் புரதத்தையும் இவை விட்டுவைப்பதில்லை. சமைக்காத கிவியோ அன்னாசியோ பால் பொருளோடு நேரம் போகப் போகக் கசப்பு ஏறுவது அதனால்தான். நன்றாகக் கொதிக்கவைத்தால் நொதி செத்துவிடும். டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடு பார்த்தது என்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை.

ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவதால் வேண்டாம் என்பவர்களுக்கு அகர் அகர், அதாவது கடல்பாசி. இது புரதம் இல்லை, அதனால் மேலே சொன்ன நொதிகள் இதை ஒன்றும் செய்ய முடியாது. பொடியாக வாங்கினால் ஜெலட்டினில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஆனால் சூடு பண்ணினால் மட்டும் போதாது, இரண்டு நிமிடமாவது கொதிக்க வேண்டும். இன்னொன்று, அறை வெப்பத்திலேயே இது இறுகிவிடும். கிரீம் சீஸ் சில்லென்று இருந்தால் கலக்கும்போதே கட்டி தட்டும். இறுகிய பிறகு 85 டிகிரி வாக்கில்தான் மறுபடி இளகும் என்பதால் வெளியே வைத்தாலும் நிற்கும், ஆனால் வாயில் கரையாமல் துண்டு துண்டாக உடையும். ஜெலட்டின் நாக்குச் சூட்டிலேயே கரைவது. அந்த மென்மையை அகரில் எதிர்பார்க்க வேண்டாம்.

இனி பழத்தை எப்படிப் போடுவது என்பது. வெட்டிய ஸ்ட்ராபெர்ரியை மேலே அடுக்குவது பார்க்க அழகுதான், ஆனால் சீஸில் உள்ள சர்க்கரை பழத்தின் சாற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். சில மணி நேரத்தில் வெள்ளைப் பரப்பில் சிவப்புத் தண்ணீர் ஓடும், அது பிஸ்கட் வரை இறங்கினால் கதை முடிந்தது. பரிமாறுவதற்குச் சற்று முன்பு வைப்பதாக இருந்தால் மட்டும் இந்த வழி.

காய்ச்சி ஊற்றுவதுதான் என் தேர்வு. 250 கிராம் பழம், 50 கிராம் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு எல்லாம் கொதித்துச் சாறு விட்டதும், ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்றி, கலங்கலாக இருக்கும் சாறு பளபளவென்று தெளியும் வரை ஒன்றிரண்டு நிமிடம் கிளற வேண்டும். முழுக்க ஆறிய பிறகே பாரின் மேல் பரப்ப வேண்டும். இதற்கு ஃப்ரோசன் பழமே போதும், நல்ல பழத்தை இதில் வீணாக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வழி, வேகும் முன்பே ஜாமையோ கெட்டியான பழக்கூழையோ அங்கங்கே சொட்டி, கத்தி முனையால் சுழித்துவிடுவது. வேலை குறைவு, பார்க்கவும் நன்றாக இருக்கும், ஆனால் பழத்தின் சுவை அடங்கித்தான் இருக்கும். முழு ப்ளூபெர்ரியை மாவில் புரட்டிச் சீஸுக்குள்ளேயே போடுவதும் உண்டு. பழத்தைச் சுற்றி ஈரம் தங்கும் என்பதால் எனக்கு அதில் பெரிய விருப்பமில்லை.

அடித்தளத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். 150 கிராம் பிஸ்கட் தூளுக்கு, ஓவன் முறையென்றால் 70 கிராம் உருக்கிய வெண்ணெய். 175 டிகிரியில் 10 நிமிடம் முன்கூட்டியே வேகவைத்துவிட்டால் ஈரம் சீக்கிரம் ஏறாது. ஃப்ரிட்ஜ் முறையென்றால் வெண்ணெயை 90 கிராமுக்கு ஏற்ற வேண்டும், தூளைப் பிடித்து வைக்க வேறெதுவும் கிடையாதே. மைதா, வெண்ணெய், சர்க்கரையில் செய்யும் ஷார்ட்பிரெட் அடித்தளம் இரண்டையும் விடச் சுவை, ஈரத்தையும் நன்றாகத் தாங்கும், ஆனால் அதற்கு எப்படியும் ஓவன் வேண்டும்.

கிரீம் சீஸில் ஒரே ஒரு விஷயம்: கட்டியாக வருவதை வாங்குங்கள். டப்பாவில் வருவது ரொட்டியில் தடவுவதற்காக இளக்கமாகச் செய்தது. ஓவன் முறையில் முட்டையும் கார்ன்ஃப்ளாரும் அதை ஓரளவு சமாளித்துவிடும், ஃப்ரிட்ஜ் முறையில் சமாளிக்க யாரும் இல்லை.

எந்த முறையானாலும் ட்ரேயில் பட்டர் பேப்பரை இரண்டு பக்கமும் வெளியே நீட்டிப் போட்டு, இரவு முழுக்கக் குளிரவிட்டு, மொத்தமாகத் தூக்கியெடுத்து வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை வெந்நீரில் முக்கித் துடைக்க வேண்டும். மிச்சத்தை ஃப்ரீசரில் வைப்பதாக இருந்தால் பழம் ஊற்றாமல் வையுங்கள், கார்ன்ஃப்ளார் போட்ட சாறு உறைந்து இளகும்போது தண்ணீர் விட்டுப் பிரிந்துவிடும். பழத்தை அன்றன்றைக்குக் காய்ச்சி ஊற்றிக்கொள்ளலாம், 10 நிமிட வேலைதான்.