எலக்ட்ரானிக் பேடு: கானா மேடையில் சில வருட அனுபவம்

வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் கானா கச்சேரிகளில் சில வருடங்களாக எலக்ட்ரானிக் பேடு வாசிக்கிறேன். ரப்பர் பரப்பில் அடித்தால், உள்ளே ஏற்றி வைத்த தாளச் சத்தம் வரும் கருவி அது. கம்பெனி பெயர் வேண்டாம், நடுத்தர விலையில் வாங்கியது. புதிதாக வாங்குபவர்கள் எத்தனை சவுண்டு இருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது, அடியை அது எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதை.

ரப்பருக்கு அடியில் இருக்கும் பீசோ சென்சார் அதிர்வை மின்சாரமாக மாற்றும். அதன் உச்சத்தை அளக்க பேடு ஓரிரு மில்லிசெகண்டு காத்திருக்கும். அப்புறம் கொஞ்ச நேரம் அதே இடத்தில் வரும் அதிர்வைக் கண்டுகொள்ளாது, இல்லாவிட்டால் ஒரே அடி இரண்டாகக் கேட்கும். இதற்கு மாஸ்க் டைம் என்று பெயர். கம்பெனி வைத்து அனுப்பிய அளவில் வேகமான உருட்டில் பல அடிகள் காணாமல் போயின. குறைத்தால் உருட்டு முழுசாக வந்தது, ஓங்கி அடிக்கும்போது இரட்டைச் சத்தமும் வந்தது. நடுவில் ஓர் இடம் தேடிப் பிடித்தேன். அந்த அளவை முடிவு செய்யும் இன்ஜினியர் பக்கத்தில் ஒரு டோலக் கலைஞர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

மெல்லிய அடியும் அப்படித்தான். பாடகர் இழுத்துப் பாடித் தொடங்கும் இடத்தில் விரல்நுனிச் சத்தம் போதும். த்ரெஷோல்டு, அதாவது அடி என்று பேடு எடுத்துக்கொள்ளும் குறைந்தபட்ச பலம், அதிகமாக இருந்தால் அந்த அடி பதிவே ஆகாது. எலக்ட்ரானிக் இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 1983-ல் வந்த மிடி முறையில் அடியின் பலத்துக்கு 1 முதல் 127 வரை இடம் உண்டு. எனக்கு அது தாராளம். அதை மெல்லிய அடிக்கும் ஓங்கிய அடிக்கும் எப்படிப் பங்கு போடுகிறார்கள் என்பதில்தான் கலை இருக்கிறது.

டோலக்கின் இடப்பக்கத்தில் கையை அழுத்தி இழுத்தால் சுதி வளையும். எங்கள் குழுவின் டோலக் அண்ணனை மெதுவாகவும் ஓங்கியும் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து பேடில் ஏற்றினேன். கேட்டுவிட்டு, "சத்தம் என்னுதுதான்டா, இழுப்பு எங்க?" என்றார். உண்மைதான். பதிவான வளைவு ஒவ்வொரு முறையும் அச்சு மாறாமல் வருகிறது.

அடித்த பிறகு சத்தம் தாமதமாக வருகிறது என்று பேடைத் திட்டும் முன், மேடையில் நம் வாசிப்பை நமக்கே கேட்கவைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரின் தூரத்தைப் பாருங்கள். ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகும். 3 மீட்டர் தள்ளி வைத்தாலே கிட்டத்தட்ட 9 மில்லிசெகண்டு போய்விடும்.

மழைக்காலத்தில் பறையைத் தீயில் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், பேடுக்கு அந்தக் கவலை இல்லை. காசிமேட்டு உப்புக்காற்றில் ஒயர் செருகும் ஜாக் மட்டும் பச்சை பிடிக்கிறது, துடைத்து மூடி வையுங்கள்.

கடையில் டெமோ பாட்டைக் கேட்காதீர்கள். ஹெட்போன் போட்டு, ஒரே இடத்தில் மிக மெதுவாகத் தொடங்கி ஓங்கிய அடி வரை ஏற்றிப் பாருங்கள். நடுவில் சத்தம் திடீரென்று தாவினால் வேறு மாடல் கேளுங்கள்.