கழுத்து ஃபேன்: நிற்கிறவர்களுக்குச் சரி, நடக்கிறவர்களுக்கு வேண்டாம்

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், நீளமாகப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதோடு கிளம்பலாம்: ஒரு நாளில் நீங்கள் நின்று காத்திருக்கிற நேரம் அதிகம் என்றால் கழுத்து ஃபேன் வாங்குங்கள். நடக்கிற நேரம்தான் அதிகம் என்றால் அதே காசுக்கு உள்பக்கம் கறுப்புப் பூச்சு போட்ட நல்ல குடை கிடைக்கும், அதை வாங்குங்கள்.

ஜூன் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போகுமுன் இணையத்தில் 39 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கியது இது. பிராண்டு பெயரைச் சொல்லப்போவதில்லை, ஒரே அச்சில் வார்த்துப் பல பெயர் ஒட்டி விற்கிற சாமான், லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் கடைகளில் தொங்குவதும் பெரும்பாலும் இதன் உடன்பிறப்புகள்தான். அரைவட்டமாகக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். ‘இறக்கை இல்லாதது’ என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இறக்கை இல்லாமல் காற்று எங்கிருந்து வரும்? இரண்டு முனையிலும் சின்னச் சுழலிகள் உள்ளே ஒளிந்திருக்கின்றன, மேல்விளிம்பில் உள்ள மெல்லிய பிளவுகள் வழியாகக் காற்று கன்னத்துக்கும் பிடரிக்கும் வருகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் இறக்கை வெளியே தெரியாமல் இருப்பது நம் பெண்களுக்கு முக்கியம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

தஞ்சாவூரில் இதை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அத்தை, “என்னடி, லீவு முடியறதுக்கு முன்னாடியே நுகத்தடியைப் பூட்டிக்கிட்ட?” என்றார். கத்திரி முடிந்தும் வெயில் 39, 40 என்று நின்ற நாள்கள் அவை. அங்கே இந்த ஃபேனால் பெரிய பயன் இல்லை. இது காற்றைக் குளிர வைப்பதில்லை, இருக்கிற காற்றைத் தள்ளுகிறது, அவ்வளவே. நம் தோலின் சூடு ஏறக்குறைய 34, 35 டிகிரி. வெளிக்காற்று அதைவிடக் குறைந்த சூட்டில் இருந்தால், தள்ளப்படுகிற காற்று உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அதைவிடக் கூடினால் சூட்டைக் கொண்டுவந்து நம்மேல் கொட்டும். வறண்ட காற்றில் வியர்வை சட்டென்று காய்கிறதே, அந்த இதம் மட்டும் மிச்சம், அதற்கும் விலையாகத் தொண்டை வறண்டு கண் எரிகிறது. சாயங்காலம் மேல்காற்று எழும்பிவிட்டால் இதை யார் சீண்டுவார்கள்? ஊரில் அது அலமாரியில்தான் கிடந்தது.

இங்கே கணக்கு வேறு. சிங்கப்பூரில் பகல் உச்சம் பெரும்பாலும் 31 முதல் 33 டிகிரிதான். இதுவரை பதிவானதில் ஆக அதிகமே 37, 1983இல் தெங்காவில் ஒரு முறை, 2023 மே மாதம் அங் மோ கியோவில் ஒரு முறை. இந்த எண்களை ஊரில் சொன்னால் “இதுக்கா இவ்வளவு அலட்டல்?” என்பார்கள். அவர்களுக்கு ஈரப்பதத்தை எப்படி விளக்குவது? விடியுமுன் 90 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும், மழை இல்லாத பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்கும். வியர்வை வருகிறது, ஆனால் காய மாட்டேன் என்கிறது, பிரச்சினை முழுவதும் அங்கேதான். காற்றின் சூடு கிட்டத்தட்ட எப்போதும் தோலைவிடக் குறைவு என்பதால், தள்ளுகிற எந்தக் காற்றும் இங்கே நமக்கு லாபம். ஆக, 40 டிகிரியில் தோற்ற சாமான் 31 டிகிரியில் பாஸாகிவிட்டது.

விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரத்தில்தான் இதை உண்மையாகச் சோதித்தேன். ஐந்தரைக்கு அலாரம் அடிக்கும்போது உடம்பு இன்னும் தஞ்சாவூரின் மூன்று மணியில் இருக்கிறது, பிள்ளைகள் சீருடை எங்கே, காலுறை எங்கே என்று ஒரு பக்கம், படிக்காத மின்னஞ்சல்களின் எண்ணிக்கை ஒரு பக்கம். எனக்கு ஈசூனிலிருந்து துவாஸ் லிங்க் வரை பயணம், ஜூரோங் ஈஸ்டில் ரயில் மாற வேண்டும். இங்கே ஜூலையில் சூரியன் உதிப்பதே ஏழு மணியை ஒட்டித்தான், நான் அடுக்குமாடி புளோக்கிலிருந்து இறங்கும்போது நல்ல இருட்டு. வெயில் என்ற பேச்சே இல்லை, இருந்தும் எம்ஆர்டி ரயில் நிலையம் சேர்வதற்குள் சுடிதார் முதுகோடு ஒட்டிவிடும். காரணம் அந்த 90 விழுக்காடுதான்.

இங்கேதான் நான் கண்டுகொண்ட விஷயம். நடக்கும்போது இந்த ஃபேன் வீண். மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் வேகத்தில் நாமே காற்றை எதிர்த்துப் போகிறோம், முகத்தில் காற்று படத்தான் செய்கிறது, ஃபேன் அதற்கு மேல் சேர்த்துத் தருவது உடம்பில் தெரியவில்லை. ஆனால் அதன் 260 கிராம் எடை ஒவ்வோர் அடிக்கும் காறையெலும்பில் குதிப்பது நன்றாகவே தெரிகிறது. போதாக்குறைக்கு, பிளாஸ்டிக் படுகிற இடமெல்லாம் தனியாக வியர்க்கிறது. நின்றால் கதையே வேறு. அசையாமல் நிற்கும்போது நம் சூடும் வியர்வை ஈரமும் சேர்ந்த காற்று உடம்பைச் சுற்றி நகராமல் அப்படியே நிற்கும். அதைக் கலைத்துவிட்டாலே போதும், பாதிப் புழுக்கம் போய்விடும். ஜூரோங் ஈஸ்ட் நடைமேடையில் கூட்டத்தில் நிற்கும்போதும், துவாஸ் லிங்கில் இறங்கிக் கம்பெனி வண்டிக்குக் காத்திருக்கும்போதும் இதை ஓடவிட்டால் முகம் மாறுவதை நானே உணர்கிறேன். ரயிலுக்குள் ஏசி இருக்கிறது, அங்கே நிறுத்திவிடலாம், நிறுத்த வேண்டும், பக்கத்தில் நிற்கிறவர் காதில் போய் ஙொய்யென்று ஊத வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், வார நாள்களில் காலை 7.45க்கு முன் எம்ஆர்டி நிலையத்துக்குள் அட்டையைத் தட்டி நுழைந்தால் கட்டணத்தில் 50 காசு வரை குறைகிறது. காசை விடுங்கள், நெரிசல் குறைகிறது, நெரிசல் குறைந்தால் வியர்வை குறைகிறது. அந்த வகையில் இது ஃபேனுக்கு நேரடிப் போட்டி, அதுவும் இலவசம். தூக்கம்தான் விலை.

மதியம் வெளியே சாப்பிடப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நாம் 1982 ஜனவரி முதல் கடிகாரத்தைக் கிரீன்விச்சுக்கு எட்டு மணி நேரம் முன்னால் வைத்திருக்கிறோம், ஆனால் இந்தத் தீவு இருக்கிற இடத்துக்கு ஏறக்குறைய ஏழு மணிதான் இயல்பு. அதனால் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டுக்கு அல்ல, ஒரு மணியை ஒட்டி. சரியாக எல்லாரும் கோப்பிக்கடைக்குக் கிளம்புகிற நேரம். அந்த வெயிலில் கழுத்து ஃபேன் என்ன செய்யும்? தலையிலும் தோளிலும் நேராக விழுகிற கதிரை எந்தக் காற்றாலும் தடுக்க முடியாது, நிழல் ஒன்றுதான் வழி. எங்கள் தொழிற்பேட்டைப் பக்கம் கூரை போட்ட நடைபாதை எல்லா இடத்துக்கும் போவதில்லை. குடையை விரித்துக்கொண்டு போய், கடைக்குள் வரிசையில் நிற்கும்போது ஃபேனைப் போட்டுக்கொண்டு, தே ஓ ஐஸ் லிமாவ் (எலுமிச்சை போட்ட ஐஸ் தேநீர்) ஒன்றை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் சரியாக இருக்கிறது.

இதை எழுதும்போது ஒரு கூச்சமும் இருக்கிறது. நான் ஏசி அறையில் உட்கார்ந்து விலைப்பட்டியல் பார்க்கிறவள். வெளியே யார்டில் வேலை பார்க்கிற தம்பிகள் சிலர் நம்மைப் போலவே ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள்தான், அவர்களுக்கு இந்த விளையாட்டுச் சாமான் உதவாது. சுழலும் இயந்திரம் பக்கத்தில் கழுத்தில் எதையும் தொங்கவிடக் கூடாது என்பது எங்கள் யார்டு விதி. அவர்களுக்கு உதவுவது மனிதவள அமைச்சின் விதிகள். வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று நான்கையும் சேர்த்துக் கணக்கிடுகிற குறியீடு ஒன்று உண்டு, அது 32ஐத் தொட்டால் கடும் உடலுழைப்பு வேலையில் மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் ஓய்வு, 33 என்றால் 15 நிமிடம். நீண்ட விடுப்பிலிருந்து திரும்புகிறவர்களை எடுத்தவுடன் முழு வேலையில் இறக்காமல் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம். வெயிலைத் தாங்குகிற பழக்கம் சில வாரம் விட்டாலே உடம்பிலிருந்து கழன்றுவிடும், ஊரில் 40 டிகிரி என்றாலும் அங்கே பகலெல்லாம் மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்தவர்களுக்கு இது பொருந்தும். அந்தக் குறியீட்டை தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஇஎன்வி (myENV) செயலியில் யாரும் பார்க்கலாம். நான் இப்போது மதியம் கிளம்புமுன் மழை வருமா என்று பார்க்கிற கையோடு அதையும் பார்க்கிறேன்.

சரி, சாமானுக்கு வருவோம். எனக்கு இதில் ஆகப் பிடித்த பயன் விளம்பரத்தில் இல்லாத ஒன்று: அலுவலகத்துக்குள் நுழையுமுன் காய்ந்துகொள்வது. எங்கள் மாடியில் ஏசி 22இல் ஓடும், ரிமோட் யாரிடம் இருக்கிறது என்பது இன்றுவரை மர்மம். நனைந்த துணியோடு அந்தக் குளிருக்குள் போய் உட்கார்ந்தால் பதினொரு மணிக்குள் தும்மல், தலைவலி. விடுமுறைக்குப் பின் முதல் வாரத்தில் வருகிற தலைவலிக்கு மேலதிகாரியை மட்டும் குறை சொல்லக் கூடாது. கீழ்த்தளத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்று, ஃபேனைக் கழுத்தில் கொஞ்சம் பின்னால் தள்ளிக் காற்றை முதுகுக்குள் இறக்கினால் மேலே போகும்போது ஓரளவு காய்ந்த மனுஷியாகப் போகலாம்.

இப்போது நகை, முடி விவகாரம். இறக்கை வெளியே தெரிகிற மலிவு மாடல்களில் முடி சிக்கும், துப்பட்டா நுனி சிக்கும், பக்கத்திலேயே போகாதீர்கள். மூடிய மாடலில் முடி சிக்குவதில்லை, ஆனால் சுழலிக்குக் காற்று இழுக்கிற சல்லடைத் துளைகள் வெளிப்பக்கம் இருக்கின்றன, துப்பட்டா அதில் ஒட்டிக்கொண்டால் ஃபேன் மூச்சு முட்டிக் கத்துகிறது. தாலிக்கொடி போட்டிருப்பவர்கள் அதை உள்ளே விட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக்குக்கும் கழுத்துக்கும் நடுவில் மாட்டிக் கோடு விழும். ஜிமிக்கி போட்டால் மேல்விளிம்பில் டக் டக் என்று தாளம் போடும், தோடோடு நிறுத்திக்கொள்வது நல்லது. திருநீறு காலையில் ஓடவிட்டதும் பாதி பறந்துவிடும், குங்குமம் தப்பிக்கும். தலையில் எண்ணெய் வைத்திருந்தால் பிடரியில் பட்ட காற்று அந்த வாசத்தை முழுவதுமாக முன்னால் கொண்டுவந்து சேர்க்கும், ரயிலில் உங்களோடு நிற்கிறவர்களுக்கும் பங்கு உண்டு.

பேட்டரி விஷயத்தில் விளம்பரத்தை அப்படியே நம்பாதீர்கள். ‘8 மணி நேரம்’ என்பது ஆகக் குறைந்த வேகத்துக்கு. 4000 எம்ஏஎச் பேட்டரி என்றால் கையில் இருப்பது சுமார் 15 வாட்-மணி, அதிக வேகத்தில் ஐந்து வாட் இழுத்தால் மூன்று மணி நேரத்தில் காலி. என்னுடையதில் அப்படித்தான் நடக்கிறது. நடு வேகம்தான் பயன்படுத்தத் தக்கது, அதிக வேகத்தில் பக்கத்தில் பேசுகிறவர் குரலே கேட்காது. டைப் சி கம்பி தருகிறார்கள், பிளக் தருவதில்லை, வீட்டில் இருக்கிற கைப்பேசி சார்ஜரே போதும். விமானத்தில் போகிறவர்கள், லித்தியம் பேட்டரி உள்ள சாமான் என்பதால் கையில் கொண்டுபோகும் பையிலேயே வையுங்கள். ஸ்கூட் விமான நிறுவனத்தில் 2025 ஏப்ரல் முதல் பவர் பேங்கை விமானத்துக்குள் பயன்படுத்த முடியாது என்பதால், அதை நம்பி ஏறாமல் வீட்டிலேயே முழுதாக ஏற்றிக்கொண்டு கிளம்புவது மேல்.

குளிர்த்தகடு வைத்த மாடல்களும் வந்திருக்கின்றன, விலை ஏறக்குறைய இரட்டிப்பு. எங்கள் அலுவலகத்தில் ஒரு தம்பி வைத்திருக்கிறார், “அக்கா, பிடரியில ஐஸ் வச்ச மாதிரி இருக்கும், போட்டுப் பாருங்க” என்று கொடுத்தார். தகடு நிஜமாகவே ஜில்லென்று இருக்கிறது, பொய் இல்லை. ஆனால் அதில் இருப்பது மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகிற தகடு. அந்தச் சூட்டையும் நம் கழுத்தை ஒட்டித்தான் வெளியே விட வேண்டியிருக்கிறது, பேட்டரியையும் அதுவே குடித்துவிடுகிறது. மதியத்துக்குள் அவருடையது செத்துவிடும், மாலையில் வெறும் பிளாஸ்டிக்கைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவார். பார்க்க ஜோர், எனக்கு வேண்டாம்.

சுத்தம் செய்வது எரிச்சல். பவுடர் போடுகிறவர்கள் வீட்டில் பிளவுகளுக்குள் பவுடரும் தூசியும் வியர்வையும் சேர்ந்து பசை மாதிரி படிகிறது, பழைய பல் துலக்கியைக் காயவைத்துத் தேய்த்தால்தான் வருகிறது. கழற்றித் துடைக்கிற மூடி உள்ள மாடல் கிடைத்தால் இரண்டு மூன்று வெள்ளி கூடக் கொடுத்தாவது அதை எடுங்கள். கடையில் வாங்குவதாக இருந்தால் பெட்டியைத் திறந்து ஓடவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு வாங்குங்கள், இரண்டு சுழலியும் ஒரே சத்தம் போட வேண்டும், ஒரு பக்கம் கரகரத்தால் வேறு கேளுங்கள். இணையத்தில்தான் வாங்குவீர்கள் என்றால் அவசரப்பட வேண்டாம், 8.8, 9.9 என்று தள்ளுபடி நாள்கள் வரிசையாக வருகின்றன, நான் கொடுத்த 39 வெள்ளியை நீங்களும் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.