1,200 ரூபாய்க்குப் பத்து மெசேஜ்: ராமநாதபுரத்தில் ஒரு லிங்க்ட்இன் சர்வீஸ்

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். ஜெராக்ஸ், பான் கார்டு, டிக்கெட் புக்கிங் என்று நீளும் போர்டின் கடைசி வரியில் 'லிங்க்ட்இன் புரொஃபைல் + 10 மெசேஜ், ரூ.1,200' என்று இருக்கும். லிங்க்ட்இன் என்பது வேலை, தொழில் தொடர்புகளுக்கான இணையதளம். கடைப் பெயரைப் போடப் போவதில்லை. எனக்கு நாளைக்கும் அங்கேதான் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும்.

மண்டபம் என்ற கடற்கரை ஊரில் கடல்பாசி வளர்க்கும் பெண்கள் குழு ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். அம்மா அதில் விதைப்பாசி கட்டுகிறார். 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பம், 20 கயிறு, 60 கிலோ விதை, 45 நாளில் அறுவடை. பத்துக் கிலோ பச்சைப்பாசி காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறும். ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக்கும் கராஜீனன் இதிலிருந்துதான் வருகிறது. எங்களிடம் வாங்குவது ஒரே வியாபாரி. அவர் சொல்வதுதான் விலை, "மணல் இருக்கு" என்று அவர் கழிப்பதுதான் கழிவு. இந்தத் தொழிலில் வேறு நாலு பேரையும் தெரிந்து வைத்துக்கொள்ளலாமே என்று போனேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். புரொஃபைல் வேலை சுத்தம். ஸ்டூடியோவில் எடுத்த படத்தை வேண்டாமென்று தள்ளிவிட்டு, கரையில் தெப்பத்தோடு நிற்கும் படத்தைப் போடச் சொன்னது கடைத் தம்பிதான். அந்தப் பாதிக்கு 1,200 ரூபாயே தகும்.

மெசேஜ்தான் சரியில்லை. பத்தும் ஆங்கிலம், பத்தும் ஒரே அச்சு. 'ஐ கேம் அக்ராஸ் யுவர் எஸ்டீம்ட் புரொஃபைல்' என்று தொடங்கி 'லெட் அஸ் எக்ஸ்ப்ளோர் சினெர்ஜீஸ்' என்று முடியும். சினெர்ஜி என்றால் என்ன தம்பி என்று கேட்டேன். "அது அப்படித்தான் போடணும்க்கா" என்றார். அனுப்பிய பிறகுதான் பார்க்கிறேன், பத்துப் பேரில் ஒரு பெண்மணிக்கும் 'டியர் சார்' போயிருக்கிறது. இருவர் இணைப்பை ஏற்றார்கள். ஒருவர் கட்டைவிரல் காட்டினார். அவ்வளவுதான்.

ஒன்றை அம்மாவிடம் தமிழில் சொல்லிக் காட்டினேன். பாசியை உதறிக்கொண்டே கேட்டார்: "சரி, இதுக்கு அவங்க என்னன்னு பதில் சொல்றது?"

அங்கேதான் எனக்கு உறைத்தது. பத்திலும் கேள்வியே இல்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு விஷயமும் இல்லை. பாசியை எடுத்துவிட்டுச் சிமென்ட் என்று போட்டாலும் அந்தக் கடிதம் அப்படியே நிற்கும்.

பதினோராவதை நானே எழுதினேன். கடல் உணவுத் தரப் பரிசோதனையில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண்மணி, உலர்த்தும் இடத்தில் பாசியில் மண் சேர்வதைப் பற்றி எழுதியிருந்தார். இலவசக் கணக்கில் இணைப்புக் கோரிக்கையோடு 200 எழுத்துதான் அனுப்பலாம். தமிழுக்கு இது இன்னும் இறுக்கம். 'மண்டபம்' நமக்கு ஐந்து எழுத்து, கம்ப்யூட்டருக்கு ஏழு. புள்ளியையும் அது தனியாக எண்ணும். இழுத்துப் பிடித்து இப்படி முடித்தேன்:

'வணக்கம் மேடம். மண்டபம் வடகடல் கரையில் பாசி உலர்த்துகிறோம். உங்கள் பதிவைப் படித்தேன். பழைய மீன்வலை விரித்தும் காற்றில் மணல் ஏறுகிறது. பந்தல் போட்டால் சரியாகுமா?'

விலை கேட்கவில்லை. 'உங்கள் பொன்னான நேரம்' எல்லாம் இல்லை. மறுநாள் மதியம் பதில் வந்தது, அதுவும் கேள்வியாக. எந்த மாதத்தில் மணல் அதிகம்? வலைக்கண் எவ்வளவு பெரிது? அம்மாவிடம் கேட்டுத்தான் பதில் எழுத முடிந்தது. கச்சான் காற்றில் எப்படி, எந்த இடத்தில் விரித்தால் குறைவு என்று அம்மா சொல்லச் சொல்ல நான் தட்டினேன். இரண்டு வாரம் போயிற்று. இடுப்பு உயரத்தில் கம்பு நட்டு வலையைக் கட்டிப் பார்க்கச் சொன்னார் மேடம். கட்டினோம், படம் அனுப்பினோம். போன லோடில் வியாபாரி கழிவைப் பற்றி வாய் திறக்கவில்லை. புது ஆள் யாருக்கும் இன்னும் ஒரு கிலோகூட விற்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆக, புரொஃபைலுக்கு நாலு ஸ்டார், மெசேஜுக்கு ஒன்று. அந்த ஒன்றும் தம்பி மரியாதையாகப் பேசியதற்கு. நீங்கள் போவதாக இருந்தால் புரொஃபைலுக்கு மட்டும் பேரம் பேசுங்கள், 700க்கு இறங்குவார் என்று நினைக்கிறேன்.

சென்ற வாரம் ஜெராக்ஸ் எடுக்கப் போனபோது தம்பியிடம் நடந்ததைச் சொல்லி, மெசேஜையும் போனில் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, இதை எனக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க. மத்த கஸ்டமருக்கும் இதையே போட்டுடலாம்."