எச்.சி.ஜி. ஊசி: ஐந்து மாதம் போட்டுக்கொண்ட அனுபவம்

குழந்தைக்காகக் காத்திருக்கும் ஆண்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி வேறு, எச்.சி.ஜி. ஊசி வேறு. அது தெரியாமல் எனக்கு ஒரு வருடம் போய்விட்டது. எப்போதும் அசதியாக இருக்கிறதே என்று சேலத்தில் ஒரு ஜிம்மில் சொன்னதைக் கேட்டு டெஸ்டோஸ்டிரோன் போட்டேன், உடம்பு தெம்பாகத்தான் இருந்தது, ஆனால் விந்துப் பரிசோதனையில் அணுவே இல்லை என்று வந்துவிட்டது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் விரையை வேலை செய்யச் சொல்லும் எல்.எச்., எப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களையும் மூளை குறைத்துவிடும், அப்புறம் விரை தன் வேலையை நிறுத்திவிடும் என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். பக்கத்தில் இருந்த மனைவியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

எச்.சி.ஜி. அந்த எல்.எச். செய்யும் வேலையைச் செய்து விரையையே டெஸ்டோஸ்டிரோன் சுரக்க வைக்கிறது. கர்ப்பம் பார்க்கும் அட்டையில் இரண்டு கோடு விழுவதும் இதே ஹார்மோனால்தான்.

எனக்கு எழுதியது 2000 யூனிட், திங்களும் வியாழனும். சின்னக் குப்பியில் அடியில் ஒட்டிய வெள்ளைப் பொடி, கூடவே ஒரு ஆம்பியூல் தண்ணீர். தண்ணீரைக் குப்பியின் ஓரமாக மெதுவாக விட்டு, குலுக்காமல் உள்ளங்கையில் வைத்து உருட்டினால் நொடியில் கரைந்துவிடும். தொப்புளுக்குப் பக்கத்தில் தோலைப் பிடித்து மனைவிதான் போட்டுவிடுகிறாள், எறும்புக் கடி அளவுதான் வலி.

வாங்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும். ஒரு மெடிக்கலில் மாத்திரை அட்டைகளோடு சேர்த்து மேஜை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள், பெட்டியிலோ 2 முதல் 8 டிகிரியில் வைக்கச் சொல்லி அச்சடித்திருக்கிறது! வாங்காமல் திரும்பிவிட்டேன். இப்போது பிரிட்ஜிலிருந்து எடுத்துத் தரும் கடையில் வாங்கி, ஐஸ் பை வைத்த டப்பாவில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு ஏற்காடு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறுகிறேன்.

மூன்றாம் வாரம் மார்புக் காம்பில் வலி வந்தது. சொன்னதும் ரத்தத்தில் எஸ்ட்ரடயால் என்ற பெண் ஹார்மோன் எவ்வளவு என்று பார்த்து அளவைக் குறைத்தார்கள், சரியாகிவிட்டது. இதை யாரும் மறைக்காதீர்கள்.

பொறுமை வேண்டும், ஒரு விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் ஆகிறது. மூன்றாம் மாதப் பரிசோதனையிலும் அணு இல்லை. போன வாரம் மில்லிக்கு 90 லட்சம். 2021 உலக சுகாதார நிறுவனக் கணக்கில் கீழ் வரம்பே 1 கோடியே 60 லட்சம், இருந்தாலும் அந்தத் தாளை மனைவி மூன்று முறை படித்தாள். அடுத்த ரிப்போர்ட் பார்த்து எப்.எஸ்.எச். ஊசியும் சேர்க்கலாமா என்று டாக்டர் சொல்வார்.