உள்ளரங்கப் போட்டிக்குக் கடையில் விற்கும் பால்சா கிளைடர்: வாங்கலாமா?

கூரையுள்ள அரங்கத்தில் கவணால், அதாவது பிடியில் கட்டிய ரப்பர் வளையத்தால், சிறு கிளைடரை (இயந்திரமில்லாத மாதிரி விமானம்) ஏவி, அதிக நேரம் காற்றில் நிற்க வைப்பதே போட்டி. அதற்கு, உறைக்குள் தட்டையாக வரும், செருகிப் பொருத்தும் பால்சா (மிக லேசான மரம்) கிளைடரைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் காசு மரத்துக்குத்தான். மீதியை நாமேதான் சரிசெய்ய வேண்டும்.

உறையைக் கடை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இறக்கைப் பலகையில் பட்டுபோல மினுங்கும் பொடிப் புள்ளிகள் தெரிந்தால் நல்ல மரம். வளைத்தாலும் விறைப்பாக நிற்கும். வெறும் நீளக்கோடுகள் என்றால் கவண் விட்டதும் இறக்கை நெளிந்துவிடும். இரண்டு மூன்று உறைகளை எடைபோட்டு, விறைப்பானவற்றில் லேசானதை எடுங்கள்.

எவ்வளவு லேசு என்பதைக் கூரைதான் தீர்மானிக்கும். சர்வதேச விதியில் கூரை உயரம் நான்கு வகை: 8 மீட்டருக்குக் கீழ், 8–15, 15–30, 30க்கு மேல். தாழ்ந்த கூரையில் எல்லோரும் ஒரே உயரத்தைத்தான் தொடுவார்கள். மெதுவாக இறங்குவது ஜெயிக்கும். உயர்ந்த கூரைக்கு வேகத்தைத் தாங்கி ஏற, சற்றுக் கனமான, திடமான இறக்கை வேண்டும். அமெரிக்க விதிப்படி கவணின் பிடி 6 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ரப்பர் வளையம் பிடியிலிருந்து 9 அங்குலத்துக்கு மேல் தொங்கக் கூடாது. ஒன்பது பறத்தல்களில் சிறந்த இரண்டு கணக்கில் சேரும். ஆகவே ஒரு அபார நேரம் மட்டும் போதாது. உடையாமல் திரும்பத் திரும்பப் பறப்பது முக்கியம்.

இந்தக் கிளைடரின் பெரிய குறை, இறக்கை செருகும் பிளவு. ஒவ்வொரு மோதலிலும் இறக்கை அரை மில்லிமீட்டர் நகரும், கோணம் மாறும், அடுத்த பறத்தல் வேறு மாதிரி போகும். சரியான இடம் கிடைத்ததும் ஒரு துளி உடனடிப் பசை விடுங்கள். தட்டை இறக்கையின் நுனிகளைக் கீழ்ப்புறம் லேசாகக் கீறி, மெதுவாக மேலே முறித்து, இடைவெளியைப் பசையால் நிரப்புங்கள். முன்விளிம்பை உருண்டையாகவும் பின்விளிம்பைக் கூர்மையாகவும் உப்புத்தாளால் தேயுங்கள். மூக்கிலுள்ள தகரக் கவ்வியைக் கழற்றிவிட்டுக் களிமண் வையுங்கள்; கிள்ளிக் கிள்ளி எடுக்க அதுதான் வசதி.

கவணில் விட்டதும் குட்டிக்கரணம் அடித்தால், இறக்கைக்கும் வாலுக்கும் இடையிலான கோண வித்தியாசம் அதிகம். கிடைவாலின் (கிடையாக உள்ள வால் பலகை) பின்விளிம்பைத் துளி கீழிறக்கி, மூக்குக் களிமண்ணைக் கொஞ்சம் குறையுங்கள். இடப்பக்கம் வட்டமடிக்க, கிடைவாலின் இடநுனியை உயர்த்தி ஒட்டுங்கள். அதற்குப் பதில் சுக்கானை (நிமிர்ந்து நிற்கும் வால் பலகை) வளைத்தால் கவண் வேகத்தில் அது அளவுக்கு மீறி இழுத்துவிடும். கிடைவாலின் சாய்வு மெதுவான சறுக்கலில்தான் நன்றாக வேலைசெய்யும்.

முதல் கிளைடருக்கு இது போதும். 15 மீட்டருக்கு மேற்பட்ட அரங்கத்தில் போட்டியிடுபவர்கள் தனிப் பால்சா பலகை வாங்கி இறக்கை செதுக்குவதே நல்லது.