தலைல தூக்கி வச்சு ஆடுற காமிக்ஸை எல்லாம் டேப்ல படிச்சுப் பாத்தேன்

இரும்புக்கை மாயாவியை சாணி பேப்பர்ல படிச்சு வளந்த ஆளு நான். ஆறு வருஷமா எல்லாமே ஸ்க்ரீன்தான், மொத ரெண்டு வருஷம் போன், அப்புறம் 10 இன்ச் டேப்லெட்.

எல்லாரும் சொல்றாங்களேன்னு மொதல்ல எடுத்தது வாட்ச்மென். ஆலன் மூர் கதை, டேவ் கிப்பன்ஸ் ஓவியம், 1986-87ல 12 இஷ்யூவா வந்தது. போன்ல ஒவ்வொரு கட்டமா ஜூம் ஆகி நகருமே, அந்த மோடுலதான் படிச்சேன், மூணாவது இஷ்யூலயே கொட்டாவி, இதுக்கா இவ்ளோ பில்டப்புன்னு மூடி வச்சுட்டேன். டேப் வாங்கின பிறகு முழுப் பக்கமா திறந்தா, அட, இது வேற புக்குய்யா! பெரும்பாலும் பக்கத்துக்கு ஒம்போது கட்டம், அந்த ஒம்போதும் ஒண்ணா கண்ணுல பட்டாதான் தாளமே புடிபடுது. அஞ்சாவது இஷ்யூ இருக்கு பாருங்க, மொத பக்கத்துக்கு கடைசி பக்கம் ஜோடி, ரெண்டாவதுக்கு கடைசிக்கு முந்தினது, அப்படியே கண்ணாடி பிம்பம் மாதிரி உள்ள வந்து நடுவுல 14, 15 ரெண்டும் சேந்து ஒரே படமா நிக்கும். டேபை படுக்கப் போட்டு ரெண்டு பக்கத்தையும் சேத்து வச்சாதான் அது தெரியும், நான் போன்ல அதைப் பாதியா வெட்டிப் பாத்திருப்பேன். இதுக்குக் கிடைச்ச பேரு நியாயம்தான், சந்தேகமே இல்ல.

சாண்ட்மேன் (75 இஷ்யூ, 1989-96) கதை வேற. மொத ஏழு இஷ்யூ சுமார்தான், தொலைச்ச சாமானைத் தேடி அலையுற பேய்க்கதை. எட்டாவதுல புறாவுக்கு பிரெட் பிச்சுப் போட்டுக்கிட்டு உம்முன்னு உக்காந்திருக்கான் ஹீரோ, அவன் அக்கா வந்து திட்டிட்டு ஒரு முழு பிரெட்டையே அவன் மேல வீசுவா. அந்த அக்காதான் மரணம், சாவே ஒரு பொண்ணு உருவத்துல வர்ற பாத்திரம்! அங்கதான் நான் விழுந்தேன். ஆனா ஓவியர் மாறிக்கிட்டே இருக்காங்க, சில இடத்துல மூஞ்சியே அடையாளம் தெரியல, அதுலயும் ஹீரோ பேசுற பலூன் கறுப்பு, எழுத்து வெள்ளை, சின்ன ஸ்க்ரீன்ல கண்ணு எரியுது. என் கணக்குல புகழ்ல முக்கால்வாசி சரி, மிச்சம் ரசிகர்கள் ஊதினது.

‘சாகா’ (Saga)ன்னு ஒரு காமிக்ஸ், அதுதான் ஸ்க்ரீனுக்கே பொறந்த மாதிரி இருக்கு. அதோட ஓவியர் ஃபியோனா ஸ்டேப்பிள்ஸ் டிஜிட்டலா வரையிறவங்க, கலர் அப்படியே பளிச்சுனு நிக்குது, ஸ்வைப் பண்ணினதும் முழுப் பக்கப் படம் வந்து அறையுறது பேப்பர்ல பக்கம் பொரட்டுறதை விட செமயா இருக்கு. 54வது இஷ்யூ 2018ல ஒரு அடி அடிச்சுட்டு நின்னுச்சு, அடுத்தது வந்தது 2022 ஜனவரி. திரும்பி வந்ததுல பழைய வேகம் எனக்குத் தெரியல, ஒரே எடத்துல சுத்துது. அந்த 54 வரைக்கும் யார் கேட்டாலும் கண்ணை மூடிட்டு சொல்வேன்.

ஒண்ணு மட்டும், போன்ல படிச்சு மொக்கைன்னு நான் தூக்கிப் போட்ட புக்கு இன்னும் ஏழெட்டு கெடக்கு, அதையெல்லாம் இந்த லீவுல டேப்ல திரும்பத் திறக்கணும்.